ரிவைண்டு பொத்தானும் ஒரு வாய்த் தண்ணீரும்

நானும் என் கூட்டாளியும் வருடக்கணக்கில் ஒரே ஒரு பொத்தானோடு மாரடித்தோம். ரிவைண்டு பொத்தான். நாங்கள் செய்துகொண்டிருந்தது செல்போனில் ஆடும் புதிர் விளையாட்டு. கட்டம் போட்ட தெரு. ஒருவன் வீட்டிலிருந்து கிளம்பிப் போய் பஸ் பிடிக்க வேண்டும். அவன் ஒரு கட்டம் நகர்ந்தால் தெருவில் உள்ள மாடு, ஷேர் ஆட்டோ, தண்ணி லாரி எல்லாம் ஆளுக்கொரு கட்டம் நகரும். எதிலாவது மாட்டிக்கொண்டால் பொத்தானை அழுத்தி, காலத்தையே பின்னுக்கு இழுத்து, வேறு அடி வைக்கலாம். கேட்க ஜோராகத்தான் இருக்கும்.

எத்தனை தடவை வேண்டுமானாலும் அழுத்தலாம் என்றால் எவன் யோசிப்பான்? என் மனைவி குக்கருக்குக் காது கொடுத்தபடியே எல்லாப் புதிரையும் முடித்துவிட்டு, “இவ்ளோதானா?” என்றாள். வயிற்றெரிச்சல் எனக்கு. சரி, கொஞ்ச தடவைதான் அழுத்தலாம் என்று கட்டுப்பாடு போட்டோம். ஆடிப் பார்த்த நண்பர்கள், “போடா நீயும் உன் கேமும்” என்று மூடிவிட்டுப் போனார்கள்.

கூட்டாளி திருமுல்லைவாயில்காரன். கல்லூரியில் பக்கத்து பெஞ்சு. படம் நான் வரைவேன், புரோகிராம் அவன் எழுதுவான். அவன் இல்லாமல் என் மாடு ஒரு கட்டம்கூட நகராது. அப்படிப்பட்டவனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துத் தொலைத்தது.

“மச்சான், எத்தினி நாளு ஊட்ல தண்டச்சோறு துன்றது? அம்மா ஒண்ணியும் கேக்க மாட்டேன்து. அதான் பேஜாரா கீது,” என்றான்.

நானும் பெரிய மனுஷன் மாதிரி, “போடா, நல்லா இரு” என்று சொல்லிவிட்டேன். உள்ளுக்குள் கொதித்தது. அவன் போனால் விளையாட்டும் போச்சு. அவன் மேல் கோபம், பெங்களூர் மேல் கோபம், அந்த ஊர் குளிர் மேல்கூடக் கோபம்.

சாயங்கால பஸ். பூந்தமல்லியில் ஏற வேண்டும். அதனால் பையோடு கரையான்சாவடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, டீ குடித்துவிட்டு எழுந்தான். வாசற்படி இறங்குகிறான், சமையல்கட்டிலிருந்து என் மனைவி கத்தினாள்: “எங்கண்ணா போற அதுக்குள்ள?”

போகிறவனைப் பின்னாலிருந்து ‘எங்கே’ என்று கேட்கலாமா? நாங்கள் மூன்று பேருமே படித்தவர்கள், சகுனத்தைக் கிண்டலடிக்கிறவர்கள். ஆனாலும் புது வேலைக்குப் போகிறவன் அல்லவா? மூன்று பேர் முகமும் தொங்கிவிட்டது.

“ஐயய்யோ, என் வாய் சும்மா இருக்காதே! உள்ள வாண்ணா. உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுக் கெளம்பு,” என்று சொம்பை நீட்டினாள்.

வந்தான், உட்கார்ந்தான், குடித்தான், கிளம்பினான். வாசலைத் தாண்டும்போது எனக்கு ஒற்றைத் தும்மல். சத்தியமாக வேண்டுமென்று தும்மவில்லை. மறுபடி உள்ளே, மறுபடி சொம்பு.

“இன்னா மாமே, வெளாடறியா? இங்க வயிறு ரொம்பிகினு கீது, அங்க பஸ்ஸு வந்துகினு கீது. இன்னொருவாட்டி தும்முன, மூக்க ஒடச்சிருவேன்,” என்று சீறியவன், ஒரு கால் செருப்போடு அப்படியே நின்றான். “மச்சான்... நாம தப்பு தப்பா பண்ணிகினு கீறோம்டா.”

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. நாங்கள் பொத்தானை அழுத்தினால் மொத்த உலகமும் பின்னால் போகும். நிஜத்தில் வீட்டுக்குத் திரும்புகிறவன் மட்டும்தானே திரும்புகிறான்? மாடு தன் பாட்டுக்குப் போகும். பஸ் நிற்காமல் வரும். சொம்பில் தண்ணீரும் குறையும்.

பையைத் தூக்கிப் போட்டுவிட்டு என் லேப்டாப்பைத் திறந்தான். பொத்தானை அழுத்தினால் ஆள் மட்டும் வீட்டுக்குத் திரும்பி ஒரு வாய் தண்ணீர் குடிப்பான், தெரு தன் பாட்டுக்கு நகரும் என்று விடுவிடுவென்று மாற்றி எழுதினான். நான் அவசரத்தில் வரைந்த சொம்பு கத்திரிக்காய் மாதிரி இருந்தது. இருக்கட்டும் என்று விளையாட்டைச் செல்போனில் ஏற்றி மனைவி கையில் கொடுத்தோம்.

அவள் முதல் தடவையாகப் புருவத்தைச் சுருக்கினாள். பொத்தானுக்கு மேலே விரலை வைத்துக்கொண்டு அழுத்தாமல் யோசித்தாள். “ஏங்க, பால் பொங்குது, போய் அணைங்க. என்கிட்ட பேசாதீங்க. இந்தப் பாழாப்போன மாடு!” என்றாள். நான் வரைந்த மாட்டை ஒருத்தி மனதாரத் திட்டுகிறாள்! எனக்குக் காதில் தேன் பாய்ந்தது.

பஸ் டிரைவர் போன் செய்தார். “இன்னா சார், வரீங்களா, வண்டிய எடுக்கட்டுமா?”

கூட்டாளி என்னைப் பார்த்தான். இருடா என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் அது அவன் சோறு. நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“நீ எடுத்துகினு போ அண்ணாத்தே,” என்றான் அவன்.

போனை வைத்ததும்தான் அவனுக்குப் பயமே வந்தது. அம்மாவிடம் சொல்ல வேண்டுமே. காதில் வைக்கத் தைரியமில்லாமல் ஸ்பீக்கரில் போட்டான்.

“அம்மா, நான் பஸ்ஸு ஏறல.”

அர்ச்சனை ஆரம்பிக்கப் போகிறது என்று நான் ஒலியைக் குறைக்கக் கையை நீட்டினேன்.

“மத்தியானம் நீ பைய தூக்கிகினு படி எறங்கசொல்லோ, எங்கடா போறன்னு கேட்றலாம்னு வாய் வரிக்கும் வந்துச்சு,” என்றார் அவன் அம்மா. “முந்தானைய வாயில அடச்சிகினு நின்னேன்டா.”