ராஜாத்தி எழுதிய காம்பியா அடங்கல்

முப்பத்து மூன்று வருடம் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ராஜாத்தி ஓய்வு பெற்ற மறுநாள், அவருடைய பிள்ளைகள் இருவரும் வீடியோ காலில் வந்து சண்டை போட்டார்கள். அம்மா முதலில் யார் வீட்டுக்கு வருவது என்பதுதான் விவகாரம்.

மகன் இளஞ்செழியன் ஆப்பிரிக்காவின் தெற்கே எஸ்வாட்டினியில் கரும்புத் தோட்டங்களுக்குத் தண்ணீர் பாய்ச்சும் இன்ஜினியர். மகள் கவிப்ரியா மேற்கே காம்பியாவில் இருக்கிறாள். அவளும் கணவன் குணசேகரனும் அங்கே மருந்துக்கடை நடத்துகிறார்கள். நீடாமங்கலத்தில் இந்த இரண்டு பெயர்களில் எதைச் சொன்னாலும், “துபாய்க்குப் பக்கத்துலயா?” என்றுதான் கேட்பார்கள்.

“அம்மா, இவ இருக்கறது ஒரு நாடே இல்ல. ஆத்தோரப் படுகை. மேப்புல பாரு, வாய்க்கா மாதிரி நீட்டமா கெடக்கு. எங்க நாடு பெருசு, நீ இங்க வா” என்றான் இளஞ்செழியன்.

“பெருசா இருந்தா என்னண்ணே? அம்மா அங்க போயி ஓட்டப்பந்தயமா ஓடப் போறாங்க?” என்றாள் கவிப்ரியா.

“எந்த ஊர்ல சாப்பாடு நல்லாயிருக்கும்னு கேளு” என்று பக்கத்திலிருந்து குரல் கொடுத்தார் ராஜாத்தியின் கணவர் துரைக்கண்ணு. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்க்கையில் பாதியை வழியோர ஓட்டல்களில் சாப்பிட்டுக் கழித்ததால் அவர் கவலை அவருக்கு.

ராஜாத்தி கையை உயர்த்தினார். “ரெண்டு பேரும் சும்மா இருங்க. அடங்கல் எழுதிப் பாத்துட்டுச் சொல்றேன்.”

அடங்கல் என்பது எந்த வயலில் என்ன பயிர், எது தரிசு, எது மேய்ச்சல் நிலம் என்று கிராமத்துக்குக் கிராமம் எழுதும் பதிவேடு. ராஜாத்தி அதை வரப்பு வரப்பாக நடந்து எழுதியவர். ஆகவே, ஒரு நீள நோட்டை எடுத்து, ‘கிராமம்: காம்பியா’ என்று ஒரு பக்கமும் ‘கிராமம்: எஸ்வாட்டினி’ என்று எதிர்ப்பக்கமும் தலைப்பு எழுதினார். செல்போனில் தேடினால் கணக்கெல்லாம் சதுர கிலோமீட்டரில் வந்தது. அதைப் பார்த்தால் அவருக்கு நிலமே கண்ணில் தெரியவில்லை. எல்லாவற்றையும் வேலிக்கு மாற்றினார். ஒரு வேலி என்றால் ஆறரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே. அது தெரிந்த அளவு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

“காம்பியா, மொத்தம் நாலு லட்சத்துப் பதினெட்டாயிரம் வேலி. நம்ம பக்கத்துத் தஞ்சாவூர் ஜில்லா மாதிரி மூணேகால் மடங்கு. எஸ்வாட்டினி, ஆறு லட்சத்து நாப்பதாயிரம் வேலி. தஞ்சாவூர் மாதிரி அஞ்சு மடங்கு.”

“கேட்டுக்கம்மா கவி!” என்று இளஞ்செழியன் மேஜையைத் தட்டினான்.

“இரு, முடியல. உழுது பயிர் வைக்கிற நிலம் எவ்வளவுன்னு பாத்தேன். உங்க ஊர்ல பத்துல ஒரு பங்குதாண்டா. அறுபத்தஞ்சாயிரம் வேலி வந்தா ஜாஸ்தி. இவ ஊர்ல பத்துல நாலு பங்கு. ஒன்றரை லட்சத்துக்கு மேல வருது. சின்ன ஊருதான், ஆனா உன்ன மாதிரி ரெண்டு மடங்குக்கு மேல உழுவறாங்க.”

இப்போது கவிப்ரியா எதையோ தட்டினாள். போன் கீழே விழுந்து கொஞ்ச நேரம் வீட்டுக் கூரை மட்டும் தெரிந்தது.

இளஞ்செழியன் விடவில்லை. “மிச்சத்த என்னன்னு எழுதியிருக்க? பாதிக்கு மேல மேய்ச்சல் நிலம். இங்க மாடுதான்மா சொத்து. கல்யாணத்துக்கே மாடுதான் குடுக்கறாங்க. அத நீ தரிசுன்னு தள்ளிடுவியா?”

ராஜாத்தி கண்ணாடியைக் கழற்றினார். அவர் கிராமத்தில் ஊர் மாடு மேயும் நாலு ஏக்கர் மேய்க்காலை ஒருவர் வளைத்துக் கல்யாண மண்டபம் கட்டப் பார்த்தபோது, அளவுக்கல் நட்ட இடத்திலேயே குடையோடு நாள் முழுக்க நின்று தடுத்தவர் அவர். “மேய்க்கால் ஒண்ணுமில்லாத நெலம்னு நான் சொன்னா என் வாய் வெந்துடும். நீ சொல்றதும் நியாயந்தான்” என்றார்.

“அப்ப யாருக்குத் தீர்ப்பு?” என்றார் துரைக்கண்ணு.

“ஆகஸ்ட்ல காம்பியால நடவாம். அத முதல்ல பாத்துட்டு வந்துடுவோம். வருஷக் கடைசில மாட்டப் பாப்போம்.”

மூன்று விமானம் மாறிப் போய்ச் சேர்ந்தார்கள். கவிப்ரியாவின் வீடு கடலோர நகரத்தில். சுற்றிலும் மணலும் கடைகளும் மீன் வாசனையும். இரண்டாம் நாளே ராஜாத்தி ஆரம்பித்துவிட்டார்: “ஒன்றரை லட்சம் வேலின்னு எழுதினேனே, எங்க அது?”

“அம்மா, அதெல்லாம் ஆத்து மேல உள்ள தள்ளி. இங்க தண்ணி உப்பு. நாலஞ்சு மணி நேரம் கார்ல போகணும்.”

“போவோம். பாக்காம எழுதினா அது அடங்கலா?”

போனார்கள். வழியெல்லாம் நிலக்கடலையும் சோளமும். பிறகு நிலம் தாழ்ந்து, ஆறு தெரிந்து, பச்சை வந்தது. நாற்று முடிச்சுகளோடு முழங்கால் தண்ணீரில் ஏழெட்டுப் பெண்கள். அந்தப் பக்கத்தில் நெல் பெரும்பாலும் பெண்கள் பாடு, கடலை ஆண்கள் பாடு என்று குணசேகரன் விளக்கினான்.

வரப்பில் நின்ற ராஜாத்தியைப் பார்த்து, பின்டா என்ற உயரமான பெண் ஒரு நாற்று முடிச்சை நீட்டினாள். வா என்பதற்கு மொழி வேண்டியதில்லை.

ராஜாத்தி திகைத்தார். அவர் அப்பா நீடாமங்கலம் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்தவர். வீட்டுக்கு ஒரு குழி நிலம் கிடையாது. சம்பா இத்தனை, குறுவை இத்தனை என்று ஆயிரக்கணக்கான ஏக்கர் எழுதிய கை, ஒரு நாற்றைக்கூட நட்டதில்லை. கிராமத்தில் ஆசையாக ஒருமுறை வரப்பிலிருந்து இறங்கப் போனபோது, “அய்யோ மேடம், சேறு!” என்று நாலு பேர் ஓடிவந்து தடுத்துவிட்டார்கள். இங்கே மேடம் என்று கூப்பிட ஆளில்லை.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார். சேறு இளஞ்சூடாக இருந்தது. முதலில் நட்ட ஐந்தும் மிதந்து வந்தன. பெண்கள் சிரித்தார்கள். பின்டா அவர் கட்டைவிரலைப் பிடித்து, வேரோடு சேர்த்து எவ்வளவு ஆழம் அழுத்த வேண்டும் என்று காட்டினாள். ஆறாவது நின்றது. ராஜாத்தி அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

“ஏங்க, நிக்குதுங்க!” என்று கத்தினார்.

“நிக்கட்டும், நீ விழுந்துடாத!” என்றார் வரப்பிலிருந்து துரைக்கண்ணு. பெண்கள் கொடுத்த மீன் சோற்றில் அவர் அப்போது இரண்டாவது தட்டில் இருந்தார்.

மதியம்வரை ராஜாத்தி ஏறவில்லை. மறுநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மருமகன் கடை மருந்தையெல்லாம் தடவிக்கொண்டு படுத்திருந்தார். “நடவு ஆளுங்க சாயங்காலம் சீக்கிரம் கரையேறினா, வேலைக்கு உடம்பு வணங்கலன்னு நானே நெனச்சிருக்கேன் கவி” என்று மகளிடம் சொன்னபோது மட்டும் குரல் இறங்கியிருந்தது.

டிசம்பரில் எஸ்வாட்டினி போனார்கள். கரும்புத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டிய இளஞ்செழியனிடம், “இது பத்துல ஒரு பங்குல சேர்த்தி. மிச்சத்தக் காட்டு” என்றார் ராஜாத்தி. ஞாயிற்றுக்கிழமை ஒரு புல்மேட்டுக்கு அழைத்துப்போனான். மேடு ஏற ஏற அம்மாவுக்கும் மகனுக்கும் மூச்சு வாங்கியது. மேலே கண்ணுக்கு எட்டியவரை புல். அங்கங்கே சிவப்பும் கறுப்புமாக மாடுகள். துரைக்கண்ணு கீழே ஒரு வீட்டில் புளித்த பாலும் சோளக் களியுமாக உட்கார்ந்துவிட்டார்.

“நல்ல எடமா இருக்குடா. அடிக்கடி வருவியா?”

இளஞ்செழியன் ஒரு பாறையில் உட்கார்ந்து ஷூவுக்குள் புகுந்த புல்விதையைத் தட்டினான். “இங்க வந்து மூணு வருஷம் ஆச்சும்மா. இன்னிக்குத்தான் ஏறுறேன். வேலை, வீடு, போன், அவ்வளவுதான்.”

ராஜாத்தி அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். மாடுகள் மெதுவாக அவர்களைக் கடந்து இறங்கின.

“அடுத்த ஞாயித்துக்கிழமை அந்த எதிர் மேட்டுக்குப் போவமா?” என்றான் மகன்.