இரட்டைக் குளம்பி

இரண்டு விரல்களில் பாரம் தாங்கி நடக்கிற, குளம்பு நடுவே பிளந்திருக்கிற விலங்குகளுக்கு விலங்கியலில் ‘இரட்டைக் குளம்பிகள்’ என்று பெயர். மாடு, ஆடு, பன்றி, மான், ஒட்டகம் எல்லாம் அந்தக் கூட்டம். குதிரைக்குக் குளம்பு ஒன்றுதான், அதனால் அது சேராது. இத்தனையையும் ஒரே சொல் அடக்கிவிடுகிறதே என்று ஒரு காலத்தில் எனக்கு அதன்மேல் மரியாதை இருந்தது. இப்போது கண்ணில் பட்டாலே அலுப்பு.

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு ஃப்ளாட்டில் இருந்து ஆங்கிலப் படிவங்களையும் துண்டுப் பிரசுரங்களையும் தமிழாக்குவதுதான் என் பிழைப்பு. கால்நடைகளுக்கு வாயிலும் காலிலும் புண் போடும் நோயைப் பற்றி ஒரு பிரசுரம் வந்தது. முதலில் ‘ஆடு, மாடு, பன்றி’ என்றுதான் எழுதினேன். சரிபார்க்கிறவர் சிவப்புக் கோடு போட்டுத் திருப்பிவிட்டார். கலைச்சொல் தொகுதியில் உள்ளதைத்தான் போடவேண்டுமாம். முன்பென்றால் மல்லுக்கு நின்றிருப்பேன். அன்று முதுகு வலி, பின்னேரத்துக்குள் முடிக்க வேறு இரண்டு படிவங்கள். ‘இரட்டைக் குளம்பிகளை நோயுற்ற கால்நடைகளிடமிருந்து பிரித்து வைக்கவும்’ என்று மாற்றி அனுப்பிவிட்டுத் தேத்தண்ணி குடித்தேன்.

எங்கள் வீட்டைக் கூட்டித் துடைக்க நகரின் வடகோடியான முகத்துவாரத்திலிருந்து ஒரு பெண் வருவார். தன் வீட்டுக்குப் போகும் குறுகிய ஒழுங்கைக்குள் ஒரு ஆடும் இரண்டு குட்டிகளும் வைத்திருந்தார். பிள்ளைகளைவிட அந்தக் குட்டிகளைப் பற்றித்தான் அதிகம் கதைப்பார். போன மாதம் மூன்று நாள் வரவில்லை. நான்காம் நாள் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார்.

“ரெண்டு குட்டியும் போயிடுச்சு அக்கா. காலையில பால் குடிச்சதுங்க, மத்தியானம் வுழுந்து செத்திருச்சு.”

பையிலிருந்து நாலாக மடித்த தாளொன்றை எடுத்து நீட்டினார். விரிக்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

“இது முந்தியே தந்தாங்க. பக்கத்து வூட்டு மாட்டுக்கு வாயெல்லாம் புண்ணு. இதுல ஆடுண்டு எங்கயும் இல்ல. இரட்டைக் குளம்பிண்டா எருமை சாதியாக்கும்ண்டு நெனச்சி, எங்கட ஆட்ட எப்பவும் போல அந்த மாட்டோடயே கட்டினேன்.”

அவர் அழவில்லை. பால் குடிக்கக் குட்டியில்லாமல் தாய் ஆடு இரவுபகலாகக் கத்துவதைத்தான் கேட்கமுடியவில்லை என்றார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று எத்தனை பேரை நக்கல் அடித்திருப்பேன்! சரிபார்க்கிறவர்மேல் பழியைப் போட்டுவிட வாய் துறுதுறுத்தது. ஆனால் இந்தப் பெண் ஆடு வளர்க்கிறார் என்பது சரிபார்க்கிறவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். வெட்கமாக இருந்தது.

“இதை எழுதினது நான்தான்,” என்றேன்.

அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“நீங்க எழுதக்குள்ள நானும் இங்கனதானே தரை தொடச்சிட்டு இருந்திருப்பேன். ஒருக்கா சத்தமா வாசிச்சிருக்கலாமே அக்கா.”

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வாளியில் தண்ணீர் பிடிக்கப் போனார்.