டிரம் பக்கம்

புதன்கிழமைகளில் பாடம் முடிந்த பிறகும் பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஏதாவது பயிற்சி இருக்கும். நான் வேனை வேலியோரம் நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன். சுங்கைப் பட்டாணியில் பள்ளி வேன் ஓட்டுவதுதான் என் பிழைப்பு. வேலிக்கு அந்தப் பக்கம் திடலில் பேண்ட் பயிற்சி நடக்கும். டிரம்பெட்டுகள் பிசிறடிக்கும். அதைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. சைட் டிரம் தொடங்கினால் மட்டும் ரேடியோவை நிறுத்திவிடுவேன்.

நானும் அடித்தவள்தான். செர்டாங்கில் இடைநிலைப் பள்ளியில் படித்தபோது சைட் டிரம்முக்கு நான் லீடர். அது நான்காம் படிவம், பதினாறு வயது. அந்த வருடத்தோடு படிப்பை விட்டுவிட்டு ஃபேக்டரிக்குப் போய்விட்டேன். படித்த பாடம் எதுவும் இப்போது நினைவில் இல்லை. டிரம் நினைவில் இருக்கிறது.

மலாயில் பேண்டுக்குப் பஞ்சராகம் என்று பெயர். அப்பா அதைக் கேட்டுவிட்டு சங்கீதம் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று நினைத்தார். பாட்டு வாத்தியார் யார் என்று கேட்டார். டிரம்மை மாட்டிக்கொண்டு வெயிலில் நடப்பது என்று சொன்னேன்.

"அதுக்கு எதுக்குப் பஞ்சராகம்?" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அந்த மாதமே வெள்ளைச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தார்.

லீடர் என்றால் பெரிய பதவி இல்லை. டிரம் தோல் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உடைந்த குச்சிக்கு மாற்றுக் குச்சி வைத்திருக்க வேண்டும். காலையில் சாப்பிடாமல் வந்தவன் யார் என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பத்து மணிக்கு மயங்கி விழுவான். வரிசையின் ஓரத்தில் நின்று சரியாக நடக்க வேண்டும், மற்றவர்கள் பார்த்து நடப்பார்கள். நான் அதிகம் பேசமாட்டேன். அது அந்த வேலைக்கு ஒத்துவந்தது.

என் வரிசையில் நாங்கள் ஐந்து பேர். எல்லாரும் தோட்டத்துப் பிள்ளைகள். பேச்சுக்கு லோரிக்காரர் மகன் ஒருவனே போதும். அவன் வாய் மூடினால் அவனுக்குக் காய்ச்சல் என்று அர்த்தம். எல்லாரையும்விடச் சின்னவள் ஒருத்தி இருந்தாள். இரண்டாம் படிவம். பண்டார் பாரு போகிற சாலையில் ஒரு செம்பனைத் தோட்டத்திலிருந்து வருவாள். சின்னவள் என்றே கூப்பிட்டோம்.

அவள் அடித்தால் கேட்க வேண்டும். குச்சியை மாற்றி மாற்றி வேகமாக உருட்டும்போது எங்கள் எல்லாருக்கும் இடக்கை கொஞ்சம் நொண்டும். அவளுக்கு நொண்டாது. தகரக் கூரையில் மழை பிடித்த மாதிரி ஒரே சீராக விழும். எனக்கே அப்படி வந்ததில்லை.

ஆனால் திரும்பத் தெரியவில்லை. மலாயில் கானான் என்று கட்டளை வந்தால் நாங்கள் நால்வரும் வலது பக்கம் திரும்புவோம். அவள் இடது பக்கம் திரும்பி, யாரோ ஒருவர் முகத்துக்கு நேராக நிற்பாள். கிரி என்றால் அதற்கு நேர்மாறு. எப்போதும் அப்படி இல்லை. சில சமயம் சரியாக வரும். அதனால்தான் யாருக்கும் காரணம் புரியவில்லை.

நான் தமிழில் சொல்லிக் கொடுத்துப் பார்த்தேன். கானான் என்றால் சோத்துக்கை, கிரி என்றால் பீச்சாங்கை. கட்டளை வரும் முன்பே வாய்க்குள் சோத்துக்கை, பீச்சாங்கை என்று முணுமுணுப்பேன், அவளுக்குக் கேட்கும்படி. அப்படிச் சொன்ன நாட்களில் இன்னும் மோசமாகத் திரும்பினாள்.

பேண்ட் போட்டி சுங்கைப் பட்டாணியில், அடுத்த சனிக்கிழமை. பேண்ட் ஆசிரியர் மலாய்க்காரர், நல்ல மனிதர்தான். ஒரு வாரம் முன்பு, சனிக்கிழமைப் பயிற்சியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வியாழக்கிழமை கடைசிப் பயிற்சி, அன்றைக்கும் அந்தப் பெண் தப்பாகத் திரும்பினால் டிரம்மை வாங்கிவிடு, நாலு பேரோடு போவோம் என்றார். அதை நீயே சொல்லிவிடு, நீதானே லீடர் என்றும் சொன்னார். சரி சிக்கு என்றேன், ஆசிரியர்களை மலாயில் அப்படித்தான் கூப்பிடுவோம். வேறென்ன சொல்ல.

அவளிடம் சொன்னேன். சுருக்கமாகத்தான். அவள் அழவில்லை. குச்சியைப் பாவாடையில் துடைத்தாள்.

சனிக்கிழமை பயிற்சிக்கு எல்லாரும் சோறு கட்டிக்கொண்டு வருவோம். மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அவள் எங்களோடு உட்கார்ந்தால் பாதிச் சோறு காகிதத்திலேயே கிடக்கும். பசியில்லை என்பாள். அன்றைக்கு எங்களோடு உட்காரவே இல்லை. நான் சொன்னதை நினைத்துக்கொண்டு பட்டினி கிடக்கிறாளோ என்று தேடிப் போனேன்.

டிரம் வைக்கிற ஸ்டோருக்குப் பின்னால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இடது கையால்.

என்னைப் பார்த்ததும் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். விரலில் சோறு ஒட்டியிருந்தது.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா."

"இது எத்தன நாளா?"

"சின்னப் பிள்ளையில இருந்து. வீட்ல அம்மா பக்கத்துல உக்காந்து பாப்பாங்க. இந்தக் கை தட்டுக்குப் போனா கரண்டியாலயே போடுவாங்க."

 "சோத்துக்கையத் தூக்கு" என்றேன்.

இடது கை மேலே வந்தது. பாதியில் நின்றது. கீழே போனது. வலது கையைத் தூக்கினாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"எனக்கு வர்ற கை ஒண்ணுக்கா. அம்மா சொல்ற கை ஒண்ணு. நீங்க சோத்துக்கைன்னா எந்தக் கைன்னு யோசிப்பேன். யோசிக்கிறதுக்குள்ள எல்லாரும் திரும்பிடுறாங்க."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாப்பிடு என்றேன். அவள் வலது கையை நீட்டினாள். "உனக்கு வர்ற கையில சாப்பிடு" என்றேன். மெதுவாகச் சாப்பிட்டாள்.

சாப்பிட்டு முடிக்கிற நேரத்தில் சொன்னாள். "டிரம்முலதாங்க்கா இந்தக் கைய யாரும் ஒண்ணும் சொல்லல."

சோற்றுக் காகிதத்தை நான் வாங்கி மடித்துப் போட்டேன்.  அன்றிரவு டிரம் இடித்த தொடைக்குத் தைலம் தேய்த்தேன். சைட் டிரம் வலது தோளிலிருந்து வார் போட்டு இடது தொடைமேல் தொங்கும். நடக்க நடக்க இடித்துக்கொண்டே இருக்கும். எங்கள் ஐந்து பேருக்கும் அந்த இடம் கன்றிப்போய் நீலமாக இருக்கும். தேய்த்துக்கொண்டே இருந்தபோதுதான் தோன்றியது.

திங்கட்கிழமை வரிசையை நிறுத்தினேன். இனிமேல் சோத்துக்கை, பீச்சாங்கை என்கிற பேச்சு கிடையாது. கிரி என்றால் டிரம் பக்கம். கானான் என்றால் வெறும் பக்கம். டிரம் மாட்டாத நேரத்தில் தொடையை அமுக்கிப் பாருங்கள், வலிக்கிற பக்கம் டிரம் பக்கம்.

லோரிக்காரர் மகன் சும்மா இருப்பானா. "ஏன்க்கா, சோத்துக்கை என்ன பாவம் பண்ணுச்சு?"

"டிரம் பக்கம்" என்றேன்.

"இல்லக்கா, காரணம் கேட்டேன்லா."

"வெறும் பக்கம்" என்றேன். அவன் வாயை மூடிக்கொண்டான். அன்றைக்கு அவனுக்குக் காய்ச்சலும் இல்லை.

சின்னவளுக்கு மட்டும் என்று சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்பார்கள். அதனால்தான் எல்லாருக்கும் வைத்தேன்.

வியாழக்கிழமை ஆசிரியர் எங்கள் வரிசைக்கு முன்னால் வந்து நின்று அவரே கட்டளை கொடுத்தார். மாற்றி மாற்றிக் கொடுத்தார். அவள் தொடை ஒவ்வொரு தடவையும் லேசாகத் துடிப்பதைப் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. ஆசிரியர் என்னைப் பார்த்தார். தலையாட்டிவிட்டு டிரம்பெட் வரிசைக்குப் போய்விட்டார்.

போட்டித் திடல் பெரியது. கூட்டமும் சத்தமும். நடுவர்கள் மேடைக்கு எதிரே முழுக் குழுவும் ஒரே வீச்சில் வலது பக்கம் திரும்ப வேண்டும். அந்த இடத்தில் லீடர் பக்கத்தில் திரும்பிப் பார்க்கக்கூடாது. கண் நேராக இருக்க வேண்டும். எனக்கு இருந்தது காது ஒன்றுதான்.

கட்டளை வந்தது. கானான். திரும்பினேன். அவள் தப்பாகத் திரும்பியிருந்தால் அந்தச் சத்தம் என்னை விட்டு விலகிப் போயிருக்கும். விலகவில்லை. தகரத்தில் மழை என் பக்கத்திலேயே வந்தது. திடலின் கடைசி வரைக்கும் வந்தது.

எங்களுக்குப் பரிசு கிடைக்கவில்லை. டிரம்பெட் ஒன்று நடுவில் ஊளையிட்டது. அது வேறு கதை.

திரும்பும் முன்பு பஸ் பக்கத்தில் நிழலில் உட்கார்ந்து நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, சாப்பிட்டோம். சின்னவள் எங்கள் நடுவில் உட்கார்ந்தாள். பொட்டலத்தைப் பிரித்தாள். எங்களை ஒரு தடவை பார்த்தாள். பிறகு இடது கையால் எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள்.

 லோரிக்காரர் மகன் அவள் கையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

"ஓ" என்றான். "அப்ப இவளுக்கு டிரம் பக்கம்தான் சோத்துப் பக்கமா?"

முதலில் சிரித்தவள் சின்னவள்தான். வாயில் சோற்றோடு சிரித்துப் புரையேறிவிட்டது. அவன் தன் பொட்டலத்திலிருந்த நெத்திலியை எடுத்து அவள் பொட்டலத்தில் போட்டான். அவள் அதையும் இடது கையால் எடுத்தாள். பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பஸ்ஸில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். நான் தூங்கவில்லை, பள்ளிக்குப் போனதும் டிரம்களை எண்ணி இறக்க வேண்டியிருந்தது.

அந்த வருடக் கடைசியில் நான் பள்ளியை விட்டேன். எனக்குப் பிறகு அவளைத்தான் லீடராகப் போட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். கட்டளை மலாயில்தான், ஆனால் அந்த வரிசை மட்டும் டிரம் பக்கம், வெறும் பக்கம் என்று முணுமுணுக்கும் என்றார்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் காரணம் கேட்கவில்லையாம். அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்துவிட்டார்கள்.

எனக்கும் அது விடவில்லை. வேனில் பிள்ளைகள் ஏறியதும் இடது பக்கக் கதவை இழுத்துச் சாத்தச் சொல்லும்போது வாயில் டிரம் பக்கம் என்றுதான் வருகிறது. பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது. தினமும் அந்தக் கதவைச் சாத்துகிற பிள்ளை ஒன்றாம் வகுப்பு. சாத்திவிட்டு என்னிடம் கத்தும்: "டிரம் பக்கம் சாத்தியாச்சு ஆண்ட்டி."

நான் கிளட்சை மிதித்து வண்டியை எடுப்பேன். அதற்கும் டிரம் பக்கக் கால்தான்.