என் கையால் வாங்கிய அறுபத்துநான்கு டோக்கன்கள்

சபையாரே, ஆறு வருஷம் இதே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, என்னோடு திருவிருந்து எடுத்த ஒருவர் என்னை ஏமாற்றினார். சாட்சியை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

எனக்கு அறுபத்தோரு வயது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் டெலிவிஷனுக்குச் சர்க்யூட் போர்டு செய்யும் தொழிற்சாலையில் டைம் கீப்பராக இருந்தேன். அவர் அங்கே மேனேஜர். தொழிலாளிகள் அறுபத்துநான்கு பேர்; ஐம்பத்தொரு பேர் பெண்கள். நியமன உத்தரவு யாருக்கும் கிடையாது. வேலைக்கு அத்தாட்சி எண் பொறித்த பித்தளை டோக்கன் ஒன்றுதான். அதை என்னிடம் காட்டினால் உள்ளே விடுவேன்.

1991 ஜூலையில் வெளிநாட்டுப் பாகங்கள் வருவது நின்றது. பதினோரு நாள் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணே, புது டோக்கன் அடிக்கக் குடுத்திருக்கோம். பழசை வாங்கி வெச்சிடுங்க. நீங்க கேட்டா குடுப்பாங்க."

நான் கேட்டேன். கொடுத்தார்கள். மண்ணூர் செல்வி மட்டும் கையை மூடிக்கொண்டு, "புதுசு எப்போ பெரியவரே?" என்றாள். அவள் புருஷன் சாரத்திலிருந்து விழுந்து இரண்டு வருஷமாகப் படுக்கையில் இருக்கிறான். அவள் சம்பளம்தான் வீடு. "திங்கக்கிழமை" என்றேன். அறுபத்துநான்கையும் எண்ணி, என்னுடையதையும் சேர்த்து அவரிடம் ஒப்படைத்தேன்.

திங்கட்கிழமை கேட் பூட்டியிருந்தது. புது வாட்ச்மேன் ஒருவன், "டோக்கன் இருக்கா?" என்று எங்களையே கேட்டான்.

செல்வி என்னைப் பார்த்தாள். "உங்க மூஞ்சிக்காகத்தான் குடுத்தேன். இன்னா குடுத்தாங்கோ உங்களுக்கு?"

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. மேனேஜர் வீட்டுக்கு மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் அவர் இல்லை என்றார்கள். அவர் செருப்பு வாசலில் கிடந்தது.

பத்தொன்பது நாள் என்னால் ஜெபிக்க முடியவில்லை. முழங்கால் போடுவேன். முறையீடுதான் வரும்.

தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தோம். அப்படி யாரும் தங்களிடம் வேலை செய்யவில்லை என்று கம்பெனி பதில் எழுதியது. நான் எழுதிய வருகைப் பதிவேடு பூட்டிய கேட்டுக்கு உள்ளே. என் ஞாபகம்தான் மிச்சம். விசாரணைக்கு முந்தின மூன்று நாள் எண்ணையும் பெயரையும் வீட்டில் சொல்லிப் பார்த்தேன். மூன்று நாளும் நாற்பதோடு நின்றுபோயிற்று. உபவாசமிருந்து ஒன்றே ஒன்று கேட்டேன்: "ஆண்டவரே, அறுபத்துநான்கு பெயரும் என் வாயில் வர வேண்டும்."

விசாரணை அன்று மேனேஜர் முன்வரிசையில் இருந்தார். தொழிலாளிகள் எல்லோரும் பின்னால் நின்றார்கள். எண்ணும் பெயருமாகச் சொல்லிக்கொண்டு போனேன். நாற்பது வந்தது. நாற்பத்தொன்று வரவில்லை.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். மேனேஜர், "வயசாயிடுச்சு சார், பாவம்" என்றார்.

பின்னாலிருந்து ஒரு குரல். "நாப்பத்தொண்ணு. செல்வி, மண்ணூர்." பிறகு, "நிறுத்தாதீங்க பெரியவரே, சொல்லுங்க."

நாற்பத்திரண்டு வந்தது. அறுபத்துநான்கு வரை ஒன்றும் தப்பவில்லை.

அதன்பின் மூன்று விசாரணை நடந்தது. கம்பெனியின் பொய் நிற்கவில்லை. அவர்கள் அந்தக் கம்பெனித் தொழிலாளிகள்தான் என்று உத்தரவில் எழுதப்பட்டது. சேர வேண்டியது கைக்கு வந்தது. தொழிற்சாலை திறக்கவில்லை. செல்வி இப்போது ஒரகடம் பக்கம் வேறு வேலைக்குப் போகிறாள்.

நான் ஞாபகத்தைக் கேட்டேன். என் பேச்சை நம்பிக் கெட்ட ஒருத்தியின் வாயைத் திறந்து கர்த்தர் எனக்குப் பதில் சொன்னார். முன்பு என் குடும்பத்துக்காக மட்டும் ஜெபித்தவன், இப்போது காலையில் அறுபத்துநான்கு பெயரையும் சொல்லி ஜெபிக்கிறேன். மேனேஜர் வேறு சபைக்குப் போய்விட்டார். அவர் பெயரையும் கடைசியில் சொல்லப் பார்க்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் வருகிறது. ஐந்து நாள் வருவதில்லை.

நீங்கள் நம்பினவர் உங்களைக் கைவிட்டிருந்தால், கோபம் ஆறட்டும் என்று காத்திருக்காதீர்கள். கோபத்தோடேயே முழங்கால் போடுங்கள். நான் அப்படித்தான் போட்டேன். கர்த்தர் கேட்டார்.