கையில் ஏரிச் சேறு

பெருங்களத்தூரில் ஏறும்போதே பேருந்தில் நிற்கத்தான் இடம். என் கையில் ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளே காலையில் பீர்க்கன்கரணை ஏரியில் எடுத்த சேறு, மேலே பழுப்பு, கீழே கறுப்பு. முடியைவிட மெல்லிய இழையாக நீண்டு மின்சாரம் கடத்தும் பாக்டீரியாக்கள் இதில் இருக்கலாம். தாம்பரத்தில் நண்பனின் நுண்ணோக்கி காத்திருக்கிறது. அதற்குள் குலுங்கினால் இழைகள் அறுந்துபோகும், காலை முழுக்கச் சேற்றில் நின்றது வீண்.

ஜன்னலோர அக்காவின் மடியில் நிற்பவர்களின் பைகள் குவிந்திருக்கின்றன. என்னிடமும் கை நீட்டுகிறார்.

“குடும்மா, வெச்சிக்கிறேன்.”

“வேணாங்க்கா, இது சாயக் கூடாது.”

“இன்னா, மீன் கொழம்பா? நாறுது!”

“ஏரிச் சேறுக்கா. உள்ள கரண்ட் கடத்துற பாக்டீரியா இருக்கு.”

“ஷாக் அடிக்குமா?”

“அடிக்காது. ஆட்டினா அறுந்துடும்.”

ஓட்டுநர் பிரேக் போடுகிறார். நான் முன்னால் சரிகிறேன். அக்கா சட்டென்று குழாயை வாங்கி, பைகளைப் பக்கத்துப் பெண்ணிடம் தள்ளிவிட்டு, இரு கைகளாலும் நேராகப் பிடிக்கிறார். வேகத்தடை வரும்போதெல்லாம் மடியிலிருந்து சற்றே தூக்குகிறார். எனக்குக் கண் வேறெங்கும் போகவில்லை. பழுப்பும் கறுப்பும் இன்னும் கலக்கவில்லை.

இரும்புலியூர். அக்கா இறங்க வேண்டிய இடம். எழாமல் இருக்கிறார்.

“எறங்கும்மா சீக்கிரம்!” என்கிறார் நடத்துநர்.

“இருய்யா, கையில உயிர் கீது.”

வண்டி உறுமிக்கொண்டே நிற்கிறது. அக்கா மெல்ல எழுந்து, என்னை உட்காரவைத்து, குழாயைக் கொடுத்த பிறகே கூட்டத்தை இடித்துக்கொண்டு இறங்குகிறார். விசிலை வாயருகே வைத்தபடி நடத்துநர் என்னைக் கேட்கிறார்:

“புட்சிக்கினியாம்மா? போலாமா?”