முப்பத்தோராம் அறையின் பித்தளைத் தகடு

ஐம்பது வயதில் முழங்கால் தெரியப் பாவாடை கட்டப்போகிறேன் என்று சொன்னதும் என் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த புட்டில் வைத்த கையை எடுக்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“என்னப்பா சொல்லுறீர்?”

ஆறுதலாக விளங்கப்படுத்தினேன். முதியோர் இல்லத்தில் என்னோடு ஒரே ஷிஃப்டில் வேலை செய்யும் ஜெர்மன்காரி ஒருத்தி, ஸ்கொட்லாந்து இசைக்குழு ஒன்றில் முரசு அடிக்கிறாள். அந்தக் குழுவில் ஸ்கொட்லாந்துக்காரர் ஒருவர்கூட இல்லை. எல்லாரும் ஹம்பேர்க்கையும் அக்கம்பக்கத்து ஊர்களையும் சேர்ந்தவர்கள். ஒருநாள் சும்மா பார்க்கப் போன என் கையிலும் அவள் இரண்டு தடிகளைத் திணித்துவிட்டாள். அன்று பிடித்த பைத்தியம்தான். இப்போது கோடைகால விழா ஊர்வலத்தில் முதன்முதலாக நானும் அடிக்கப்போகிறேன். அதற்கு எல்லாரும் கில்ட் உடுத்த வேண்டும். ஆணென்றாலும் பெண்ணென்றாலும் அந்தக் கட்டம்போட்ட கம்பளித் துணியை இடுப்பில் சுற்றித்தான் ஆக வேண்டும்.

“அப்ப சாரம் எண்டு சொல்லுமன்,” என்றார், தான் கட்டியிருந்த லுங்கியைத் தொட்டுக் காட்டி.

“சாரம்தான். ஆனா அதுக்கு ஊசி இருக்கு.”

அந்த ஊசிதான் என் தலைக்குள் நின்றது. முன்பக்கத் துணியின் கீழ் மூலையில் கனமான உலோக ஊசி ஒன்றைக் குத்துவார்கள். காற்றடித்தால் துணி எழும்பாமல் அதன் பாரம் இழுத்துப் பிடிக்கும். குழுவில் ஒவ்வொருவருடைய ஊசியும் ஒவ்வொரு விதம். என்னைக் கூட்டிப்போனவள் தன் தாயின் கரண்டிப் பிடியை வளைத்துச் செய்வித்திருந்தாள். “கடையில் வாங்காதே, உன்னிடமும் ஏதாவது இருக்கும், தேடிப் பார்,” என்று சொல்லியிருந்தாள்.

தேடவே தேவைப்படவில்லை. எஸ்-பான் ரயிலில் வீட்டுக்கு வரும்போதே அது நினைவுக்கு வந்துவிட்டது. இறங்குமிடத்தைத் தவறவிட்டு அடுத்த நிலையத்திலிருந்து நடந்து வந்தேன்.

ஜெர்மனிக்கு வந்த புதிதில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஹோட்டலில் அறை துப்புரவாக்கினேன். இவர் அதே ஹோட்டலின் சமையலறையில் கோப்பை கழுவினார். முப்பத்தோராம் அறையின் ஜன்னல் இறுகிப்போய்த் திறக்காமல் நின்ற ஒருநாள், இவரை மேலே அனுப்பினார்கள். ஜன்னலோடு மல்லுக்கட்டிக்கொண்டே, என்னைத் திரும்பிப் பார்க்காமல், “எனக்கு உம்மைக் கட்ட விருப்பம், உமக்கு எப்பிடி?” என்று கேட்டார். நான் தலையணை உறையைப் பிடித்தபடி “ஓம்” என்றேன். ஜன்னலும் திறந்துகொண்டது. பிறகு அந்த ஹோட்டலை மூடியபோது முதலாளியம்மா விரும்பியதை எடுக்கச் சொன்னார். நான் அந்த அறைச் சாவியில் தொங்கிய பித்தளைத் தகட்டைக் கேட்டு வாங்கினேன். உள்ளங்கை நீளம், நல்ல பாரம், நடுவில் ஆழமாக அடித்த 31. அதைத்தான் ஊசியாக்கப்போகிறேன் என்று இவரிடம் சொன்னேன்.

“அதையோ?” இவருடைய குரல் மாறிவிட்டது. “அதை வெட்டவோ துளைக்கவோ நான் விடன்.”

“வெட்ட வேண்டாம். பின்பக்கத்திலை ஒரு ஊசியை ஒட்டுவம்.”

“பித்தளையிலை சும்மா ஒட்டேலாது. ஈயம் உருக்கி வைக்கோணும்,” என்றார். அவர் இப்போது சைக்கிள் திருத்தும் பட்டறையில் வேலை செய்கிறார். இப்படியொரு வேலையைக் கேட்டுவிட்டு அவரால் சும்மா இருக்க முடியாது. அடுத்த நாள் பின்னேரம் சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய சைக்கிள் சக்கரக் கம்பியை எடுத்து மேசையில் வைத்தார்.

“சில்லுக் கம்பி. வளைச்சா நிமிரும், முறியாது. ஊசிக்கு இதைவிட என்ன வேணும்?”

சனிக்கிழமை பால்கனியில் செங்கல் வைத்து வேலையைத் தொடங்கினோம். கம்பியை நான்தான் அரத்தால் தேய்த்துக் கூராக்கினேன். அவர் பித்தளைக் குழாயில் சின்னத் துண்டு வெட்டி ஊசி திரும்பும் மூட்டு செய்தார். இன்னொரு துண்டை வளைத்து, ஊசி முனை போய் மாட்டும் கொக்கியாக்கினார். காஸ் சுவாலையைப் பிடித்தபோது ஈயம் உருண்டு உருண்டு ஓடியதே தவிர ஒட்டவில்லை. தகடு கறுத்துப்போனது. நான் குனிந்து பார்த்தேன்.

“பழுதாக்கிப் போட்டமோ?”

“எண்ணெய்ப் பிடிப்பு. எத்தனை வருசமாய்த் தடவித் தடவி வைச்சிருக்கிறீர்! புளி கொண்டு வாரும்.”

பழப்புளியைக் கரைத்து உப்பும் போட்டு இரண்டு பேருமாக மாறி மாறித் தேய்த்தோம். 31 மஞ்சளாய்ப் பளிச்சென்று வெளியே வந்தது. கீழ்வீட்டுக்காரர் தலையை நீட்டி, பால்கனியில் இறைச்சி வாட்டுகிறீர்களா என்று கேட்டார். பாவாடைக்கு ஊசி செய்கிறோம் என்றேன். அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

இந்த முறை சுவாலையை நான் பிடித்தேன். அவர் இடுக்கியால் மூட்டை அமத்திப் பிடித்தார். “கிட்டக் கொண்டு வாரும்… இன்னும்… இப்ப பாரும், பாரும்!” ஈயம் சட்டென்று வெள்ளித் தண்ணீராகி மூட்டின் அடியில் ஓடிப் பரவியது. நான் வாய்விட்டுக் கத்திவிட்டேன். கொக்கியையும் அப்படியே ஒட்டினோம். தகடு ஆறும்வரை இரண்டு பேரும் தொடாமல் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். பிறகு நான் கில்ட்டை உடுத்தி வந்தேன். அவர் மின்விசிறியை முழு வேகத்தில் விட்டு என் முன்னால் பிடித்தார். துணி அசைந்தது, எழும்பவில்லை.

“பாஸ்!” என்றார்.

விழா எல்பே ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊரில் நடந்தது. ஊர்வலம் தொடங்கமுன் குழுத்தலைவர் ஒவ்வொருவருடைய உடுப்பையும் பார்த்துக்கொண்டு வந்தார். வேலைநாளில் அவர் தபால்காரர். என்னிடம் வந்ததும் குனிந்து பார்த்துத் தலையை ஆட்டினார். மேல் துணியில் மட்டும் குத்த வேண்டியதை நான் இரண்டு மடிப்பையும் சேர்த்துக் குத்தியிருந்தேன். அப்படியே எட்டி நடந்தால் துணி கிழியுமாம். வியர்த்த விரல்களால் கழற்றித் திருப்பிக் குத்தினேன்.

“முப்பத்தொன்று என்றால்?” என்று கேட்டார்.

“என் கணவர் என்னிடம் ‘என்னைக் கட்டுவீரா’ என்று கேட்ட அறை.”

அவர் சிரித்த சிரிப்பில் முன்வரிசையே திரும்பிப் பார்த்தது.

முரசு முழங்கத் தொடங்கியதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆற்றுக் காற்று நேரே முகத்தில் அடித்தது. தோற்பைக் குழல்களின் சத்தம் வயிற்றுக்குள் அதிர்ந்தது. ஒவ்வொரு எட்டுக்கும் பித்தளைத் தகடு தொடையில் மெல்லத் தட்டியது. ஒரு அடி பிழைத்தது. பக்கத்தில் அடித்துக்கொண்டிருந்த என் சிநேகிதி கண்ணடித்தாள், அடுத்த அடியைப் பிடித்துவிட்டேன். சனத்துக்குள் இவரைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஊர்வலத்தோடு சரிசமமாய் வேலிக்கு அப்பால் ஓடிக்கொண்டிருந்தார். இடைக்கிடை நின்று, முன்பின் தெரியாத ஆட்களிடம் என் கில்ட்டைக் காட்டி ஜெர்மனில் ஏதோ சொன்னார். அவர்களும் என் முகத்தை விட்டுவிட்டுக் கீழே பார்த்துக் கைதட்டினார்கள்.

முடிந்ததும் புல்வெளியில் சாப்பிட இருந்தோம். குழல் ஊதும் ஒரு பெண்மணி எங்களிடம் வந்தார். தீயணைப்புப் படையில் வேலை செய்து காலமான தன் கணவரின் உடுப்புப் பொத்தான்கள் வீட்டில் இருக்கின்றன, அவற்றிலும் இப்படி ஊசி செய்யலாமா என்று இவரிடம் கேட்டார்.

“ஓம், ஓம், செய்வம்! கொண்டு வாங்கோ!” என்றார் இவர், முழுக்க முழுக்கத் தமிழில்.

அந்தப் பெண்மணிக்கு விளங்கிவிட்டது. பொத்தான் எவ்வளவு பெரிதென்று விரல்களை வட்டமாக்கிக் காட்டத் தொடங்கினார்.