முகம் மறைத்த கொழுக்கட்டைப் படம்

வட்டக்கச்சியில் கஜனியின் போனைத் திறந்தால் முதலில் தெரிவது அவள் பெற்ற பிள்ளை அல்ல. தம்பி பெண்சாதி கௌசலாவின் பிள்ளை. மகன் குப்புறப் பிரண்டால் ஒரு படம், தும்மினால் ஒரு படம் என்று கிளிநொச்சி ரவுணில் இருந்துகொண்டு கௌசலா பேஸ்புக்கில் போட்டுத் தள்ளுவாள். கஜனி ஒவ்வொன்றையும் விரலால் பெருப்பித்துக் குறை தேடுவாள். கிடைக்காது. மனமில்லாமல் ஒரு லைக் போடுவாள்.

தன் மகளின் படத்தை அவள் ஒருநாளும் போட்டதில்லை. ஊர்க்கண் பொல்லாதது என்பாள். அது எப்படியிருக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்; அவளிடமே ஒரு சோடி இருந்தது.

கௌசலாவின் மகனுக்குப் பல் முளைத்து, அந்தச் சடங்குக்குத் தலையில் பல்லுக்கொழுக்கட்டை கொட்டிய படத்துக்கு வெளிநாட்டுச் சனமெல்லாம் வந்து இதயம் போட்டது. முன்னால் பரப்பிய சாமான்களில் அவன் பேனையை எடுத்தானாம். எடுத்ததை வைத்துப் பார்த்தால் வருங்காலத்தில் டொக்டராம். கஜனிக்கு வயிறு எரிந்தது. அவளுடைய மகளுக்கு அதற்கு முதலே பல் வந்துவிட்டது. யாருக்குத் தெரியும்?

அடுத்த வெள்ளிக்கிழமை அவளும் மகளுக்குக் கொழுக்கட்டை கொட்டினாள். கணவன் ஜெயந்தன் நெல்லு வெட்டும் மெசினோடு செட்டிகுளத்தில் நின்றதால் படம் பிடித்ததும் அவளேதான். பேனை, புத்தகம், சங்கிலி எதையும் தொடாமல் பிள்ளை கொழுக்கட்டையையே எடுத்துக் கடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பை உலகம் பார்க்கவேண்டும், பார்க்கவும் கூடாது. கடைசியில் முகத்துக்கு மேல் மஞ்சள் சிரிப்புப் பொம்மையை ஒட்டிப் படத்தைப் போட்டாள்.

கொழுக்கட்டை நல்ல வடிவு என்று ஒருத்தி எழுதினாள். பயறு அவித்ததா வறுத்ததா என்று இன்னொருத்தி கேட்டாள். பிள்ளையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

பின்னேரம் கௌசலா போன் எடுத்தாள்.

"மச்சாள், முகத்தை எனக்கு மட்டும் அனுப்புங்கோவன். மருமகளின்ரை பல்லை நான் பாக்கக் கூடாதோ?"

குரல் அடைத்திருந்தது. என்னவென்று கேட்டால், படம் போட்டதிலிருந்து மகனுக்குக் காய்ச்சல், மருந்துக்கும் விட்டுவிட்டு வருகுதாம்.

"உங்களை மாதிரி நானும் மூடிப் போட்டிருக்கலாம். ஆரின்ரை கண் பட்டுதோ தெரியேல்லை."

அந்தப் படத்தை விரலால் பெருப்பித்துப் பார்த்தது கஜனிக்கு நினைவு வந்தது. அனுப்புறன் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள். படத்தை அனுப்பினாள். பிறகு குசினிக்குள் போய்ச் செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்தாள். பேனையோடு சிரிக்கும் மருமகனைத் திரையில் திறந்து, போனைக் கதிரையில் சாத்திவைத்து, பட்ட கண் கழிய நாவூறு சுற்றினாள். பாதியில் திரை அணைந்துவிட்டது. தட்டி எழுப்பி, முதலிலிருந்து சுற்றி, அடுப்பில் போட்டாள்.

மிளகாய் நெடி வராவிட்டால் கண் பட்டிருக்கிறது என்று அர்த்தம். கஜனி அடுப்புக்கு மேலே மூக்கை நீட்டிக்கொண்டு நின்றாள். ஒன்றும் வரவில்லை. இன்னும் குனிந்தாள். திடீரென்று நெடி ஏறி, நெஞ்சு கிழிய இருமினாள். கண்ணால் தண்ணீர் ஓட ஓடச் சிரித்தாள். தன் கண் இல்லை.

போன் சிணுங்கியது. கௌசலா எழுதியிருந்தாள்: "என்ன வடிவான பல்லு மச்சாள். இவன்ரையைவிட வடிவு."

கஜனி அதைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். பிறகு ஓடிப்போய் மகளைத் தூக்கிவந்து இருத்தி, மிச்ச மிளகாயை எடுத்து அவளுக்கும் சுற்றினாள்.